கையில் இருக்கும் வெள்ளைக்கல் எது? வீட்டிலேயே சோதித்துக் கண்டுபிடிக்கும் முறை

வயல் வரப்பிலோ ஆற்றோரத்திலோ ஒரு வெள்ளைக்கல் கிடைக்கிறது. அது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், கால்சைட், மேக்னசைட், ஜிப்சம் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். ஐந்துமே தமிழ்நாட்டில் கிடைப்பவை. கனிமங்களைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் வெள்ளைக்கல்லில்தான் கை வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம் இங்கே செல்லாது; சோதித்தே ஆக வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

சுத்தியல், கோணித்துண்டு, கண் கவசம், பழைய கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு (ஓரம் மழுக்கியது), 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெள்ளை வினிகர், 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, நூல், நோட்டு.

1. முதலில் நோட்டு, பிறகு கல்

ஐந்து பெயர்களையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், “இது கால்சைட்டாக இருந்தால் இப்படி நடக்க வேண்டும்” என்று எழுதிவிட்டுச் செய்யுங்கள். நடக்கவில்லையென்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். அறிவியல் முறை என்பது இங்கே இவ்வளவுதான்: ஒரு சோதனை ஒரு பெயரை உறுதி செய்வதைவிட, பொருந்தாத பெயர்களை வெளியேற்றுவதில்தான் வலுவானது. முடிவைப் பார்த்த பிறகு எதிர்பார்ப்பை எழுதினால் மனம் தனக்குப் பிடித்த பெயருக்கே வளைந்துகொடுக்கும்.

2. புது முகம்

கல்லைக் கோணியில் சுற்றி, கண் கவசம் அணிந்து, ஒரு மூலையை உடையுங்கள். வெயிலும் மழையும் பட்ட வெளிப்பரப்பை எந்தச் சோதனைக்கும் நம்ப வேண்டாம். உடைந்த பரப்பை லென்ஸில் பாருங்கள். குவார்ட்ஸ் தடித்த கண்ணாடி உடைந்ததுபோல வளைந்து உடையும். ஃபெல்ஸ்பாரைத் திருப்பினால், ஏறத்தாழ 90 பாகையில் சந்திக்கும் இரண்டு தட்டையான முகங்கள் பளிச்சிடும். கால்சைட் மூன்று திசைகளில், சாய்ந்த பெட்டி வடிவத் துண்டுகளாகப் பிளக்கும். சேலத்து மேக்னசைட் பீங்கான்போல மங்கலாக, படிகமே தெரியாமல் இருக்கும்.

3. கடினத்தன்மை

ஜெர்மானியரான ஃப்ரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த 1 முதல் 10 வரையிலான கடினத்தன்மை வரிசை இன்றும் போதுமானது. எண் பெரியது எண் சிறியதைக் கீறும். அது வெறும் வரிசைதான்: 6 என்பது 3-ஐப்போல இரு மடங்கு என்று பொருளில்லை.

நகத்தால் (சுமார் 2.5) கீறினால் கோடு விழுகிறதா? அப்படியானால் ஜிப்சம் (2). நகத்துக்கு அசையாமல் கத்திக்கு எளிதில் கீறல் விழுந்தால் கால்சைட் (3) அல்லது மேக்னசைட் (3.5–4.5). கல்லே கண்ணாடியைக் கீறினால் ஃபெல்ஸ்பார் (6) அல்லது குவார்ட்ஸ் (7).

கண்ணாடியைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துக் கீறுங்கள். பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். மென்மையான கல்லும் கண்ணாடியில் வெள்ளைக் கோடு போடும். அது கல் உதிர்த்த தூள். ஈர விரலால் துடைத்தால் மறைந்துவிடும். உண்மைக் கீறல் துடைத்தாலும் நகத்துக்குத் தட்டுப்படும்.

மெருகிடாத பீங்கானில் தேய்த்துத் தூளின் நிறம் பார்க்கும் சோதனை இந்த ஐந்துக்கும் பயன்படாது. எல்லாமே வெள்ளைத் தூள்தான். அதை இரும்புத் தாதுக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. வினிகர்

புது முகத்தைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளின்மேல் இரண்டு சொட்டு விடுங்கள். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4–5 சதவீதமே என்பதால், கல்லின்மேல் நேரடியாக விட்டால் நுரை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தூளில் பரப்பு அதிகம். லென்ஸ் வழியாக ஒரு நிமிடம் பாருங்கள். கால்சைட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடாமல் குமிழியிடும். மேக்னசைட் குளிர்ந்த வினிகருக்குக் கிட்டத்தட்ட அசையாது.

பக்கத்தில் இன்னொரு சிட்டிகைத் தூளில் வெறும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. தூளுக்கிடையில் சிக்கிய காற்றும் குமிழியாக வரும். தண்ணீரிலும் அதே அளவு வந்தால் வினிகர் எதையும் சொல்லவில்லை. இன்னொரு ஏமாற்று: வறண்ட மண்ணில் கிடந்த குவார்ட்ஸின்மேல் சுண்ணாம்புப் படலம் ஒட்டியிருக்கும். பொங்குவது அந்தப் படலம்தான், கல் அல்ல.

கழிவறை கழுவும் அமிலத்தைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

5. அடர்த்தி

உலர்ந்த கல்லை எடை போடுங்கள். பிறகு பாதி தண்ணீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி முழுவதும் மூழ்க விடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் பருமன், மில்லிலிட்டரில். எடையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி.

கல் 159 கிராம், தண்ணீரில் 60 காட்டினால் 2.65: குவார்ட்ஸின் மதிப்பு. ஆனால் தராசு 1 கிராம் பிசகினால் விடை 2.61 முதல் 2.69 வரை நகரும், கால்சைட் 2.71. ஆகவே குவார்ட்ஸையும் கால்சைட்டையும் பிரிக்க இதை நம்பாதீர்கள். கடினத்தன்மை அதை ஏற்கெனவே செய்துவிட்டது. மேக்னசைட்டையோ (சுமார் 3.0) ஜிப்சத்தையோ (2.3) தெளிவாகப் பிரிக்கலாம். 16 கிராம் கல்லில் அதே பிசகு 2.3-இலிருந்து 3.2 வரை கொண்டுபோகும். ஐந்து பெயரும் பொருந்திவிடும். 100 கிராமுக்குக் குறையாத கல்லாக எடுங்கள்.

விடை 4-ஐத் தாண்டினால் பட்டியலே போதவில்லை என்று பொருள். ஆந்திராவின் மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கப்படும் பேரைட் என்ற கனிமத்தின் அடர்த்தி சுமார் 4.5.

பாறை என்றால்

ஒரே கல்லில் இரண்டு மூன்று வகை மணிகள் தெரிந்தால் அது பாறை. அதற்கு ஒற்றைக் கடினத்தன்மை கிடையாது. கிரானைட்டில் சாம்பல் நிறக் கண்ணாடி மணி குவார்ட்ஸ், தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார், ஊசிமுனையில் ஏடு ஏடாகப் பெயர்வது கருப்பு மைக்கா. சோதனையை மணிக்கு மணி செய்யுங்கள். மணற்கல்லில் வினிகர் பொங்கினால், மணிகள் குவார்ட்ஸாகவும் அவற்றை ஒட்டவைத்த பசை மட்டும் கால்சைட்டாகவும் இருக்கலாம். குமிழி மணியிலிருந்து கிளம்புகிறதா, இடுக்கிலிருந்தா என்று லென்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.