மானுக்கு நேரமாச்சு: பழைய மாயக்கதை ஒன்றை மூன்று நிமிட இசைக் கார்ட்டூனாக்குவது எப்படி

கடதாசி உருவங்களை நகர்த்தி நகர்த்திப் படம்பிடிக்கும் கார்ட்டூனில் பாட்டு இருந்தால், முதலில் முடிக்க வேண்டியது பாட்டுத்தான். படத்தை எடுத்துவிட்டுப் பிறகு பாட்டைப் பொருத்தப் போனால் மானின் கால் ஒரு தாளத்தில் ஓடும், மத்தளம் இன்னொரு தாளத்தில் அடிக்கும். அதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. பள்ளி நாடகக் குழுவோ வாசிகசாலைச் சிறுவர் வட்டமோ, ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு போனைக் கொண்டு செய்யக்கூடிய முறை இது. உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் படம்: லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட, நேரமாச்சு என்று ஓடும் முயலைத் தொடர்ந்துபோய்ப் பொந்துக்குள் விழும் சிறுமி ஆலிஸின் கதையைத் திருகோணமலைக்குக் கொண்டுவரும் ‘மானுக்கு நேரமாச்சு’.

உரிமை விஷயத்தை முதலில் பாருங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும். கரோல் இறந்தது 1898இல், மூலநூலுக்கு ஓவியம் வரைந்த ஜோன் டெனியல் இறந்தது 1914இல். ஆக, கதையும் அந்த ஓவியங்களும் எல்லோருக்கும் பொது. ஆனால் 1951இல் வந்த டிஸ்னி படம் பொதுவல்ல. பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்தப் படம்தான் என்பதால், தம்மை அறியாமலே அதிலிருந்து எடுத்துவிடுவார்கள். பேசும் கதவுக்குமிழ் ஒரு நல்ல சோதனை: அது மூலநூலில் கிடையாது, படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கும் தனி உரிமை உண்டு. மூலத்தை வாசித்து வசனத்தை நீங்களே எழுதுங்கள். சினிமா மெட்டும் வேண்டாம். யூடியூப்பில் ஏற்றியதும் தானாகவே பிடிபடும்.

முழுக்கதையை எடுக்காதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஓர் அத்தியாயமே அதிகம். முயலை மாற்றுவதில் சிரமமில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆட்களுக்குப் பக்கத்திலேயே புள்ளிமான்கள் மேய்வதை இங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் கண்டிருப்பார்கள். முயல் போட்ட அரைச்சட்டையையும் பைக்கடிகாரத்தையும் ஒரு மானுக்குக் கொடுத்தால் போதும். சிறுமி விழும் பொந்துக்குக் கோட்டைக்குள் ஒரு பெருமரத்தின் வேர்ப்பொந்தைக் காட்டலாம். கடலோரச் செங்குத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டிலிருந்து விழுத்தும் எண்ணம் எவருக்காவது வந்தே தீரும். சிறுவர் படத்தில் அது வேண்டாம். உடல் வளர்வதற்கும் சுருங்குவதற்கும் மூலத்தில் ஒரு போத்தலும் ஒரு கேக்கும். இங்கே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். ஒரு கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றினால் வளர்வாள், அடுத்ததில் சுருங்குவாள். குடிப்பதாகக் காட்டாமல் குளிப்பதாகக் காட்டுங்கள், அங்குள்ள வழக்கம் அதுதான். கோட்டை இன்னமும் இராணுவத்தின் பாவனையில் இருப்பதால், பின்னணிக்குப் புகைப்படம் எடுக்க முன் அனுமதி கேளுங்கள். நினைவிலிருந்து வரைந்தால் அந்தச் சிக்கலே இல்லை.

பாட்டுத்தான் இந்தக் கதையின் உயிர். கரோலின் பாட்டுகளில் பல, அக்காலத்து ஆங்கிலப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த அறிவுரைப் பாட்டுகளைக் கேலி செய்தவை. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கேலி செத்துவிடும். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததைத் தலைகீழாக்குங்கள். ஔவையின் ஆத்திசூடி அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது:

அப்பம் தின விரும்பு
ஆறினால் சினம்
இனிப்பைக் கரவேல்
ஈரப்பலா விலக்கேல்

அகர வரிசை உடையாமலும் மூலவரியின் ஒரு சொல்லாவது எஞ்சியும் இருக்க வேண்டும். இரண்டும் போனால் அது வெறும் சாப்பாட்டுப் பாட்டு.

வேகத்தைக் கணக்குப் பார்த்துத் தீர்மானியுங்கள். விநாடிக்கு 12 படம் எடுக்கப் போகிறீர்கள். நிமிடத்துக்கு 90 தாள அடி என்றால் ஓர் அடிக்குச் சரியாக 8 படம். 72 அடியென்றால் 10, 80 என்றால் 9, 120 என்றால் 6. 100 அடியில் 7.2 வரும். அந்த 0.2 படம் சேர்ந்து சேர்ந்து ஐந்தாவது அடியில் ஒரு படம் தவறும், பிறகு ஒன்றும் பொருந்தாது. 90இல் ஆதி தாளம் வைத்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட ஒரு சுற்று, 64 படம். 32 ஆவர்த்தனத்தில் பாட்டை முடித்தால் 2048 படம், நேரம் 2 நிமிடம் 51 விநாடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு ஆவர்த்தனப் பல்லவி நான்கு தடவை வருவதாக வைத்து, முதல் மூன்றுக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தி, கடைசிப் பல்லவியை மட்டும் புதிதாக எடுத்தால் 1536 படம் போதும். நிமிடத்துக்கு இரண்டு படம் வீதம் அது ஏறக்குறைய 13 மணி நேர வேலை. நான்கு பல்லவிக்கும் ஒரே படத்தைப் போட்டால் முடிவு சப்பென்று போகும்.

பாடுபவரும் மத்தளம் வாசிப்பவரும் ஒரு காதிலாவது இயர்போனில், சீராக அடியைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைக் கேட்டபடியே பதிவு செய்ய வேண்டும். நல்ல கலைஞர்கள்தான் இதற்கு முகம் சுளிப்பார்கள். ஆனால் இது இல்லாவிட்டால் உற்சாகத்தில் வேகம் கூடிக்கொண்டே போய், மூன்றாம் சரணத்தில் வாயும் காலும் விலகிவிடும். மெத்தைகளைச் சுவரில் சாய்த்த சிறிய அறை போதும். மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்கும். பதிவை இலவச ஓடாசிட்டி மென்பொருளில் திறந்து, எந்த எழுத்து எந்த விநாடியில் வருகிறது என்று லேபிள் போடுங்கள். பிறகு அதைப் பட இலக்கமாக மாற்றி ஒரு கொப்பியில் எழுதுங்கள். படம் எடுக்கும்போது அந்தக் கொப்பியைத்தான் பார்ப்பீர்கள்.

வாய்க்கு ஏழு துண்டு வெட்டுங்கள். மூடிய வாய் ம, ப ஆகியவற்றுக்கு. அகலத் திறந்தது ஆவுக்கு. பாதி திறந்தது அகரத்துக்கும் மற்ற மெய்கள் பலவற்றுக்கும். பக்கவாட்டில் இழுத்தது இ, ஈ, எ, ஏ. குவிந்தது உ, ஊ, ஒ, ஓ. மேற்பல் கீழுதட்டைத் தொடுவது வ. நாக்கு தெரிவது த, ந, ல, ள, ழ. ‘அப்பம்’ ஓர் அடியில் வந்தால்: பாதி திறந்த வாய் 2 படம், மூடியது 2, மறுபடி பாதி திறந்தது 2, மூடியது 2. ஆக 8. மூடிய வாயை ஒரு படத்தோடு விட்டால் கண்ணுக்குப் படாது, ‘அஅ’ என்று பாடுவதுபோல் இருக்கும். வாய் எப்போதும் ஒலிக்கு ஒரு படம் முந்தித் திறக்க வேண்டும். பிந்தினால் உடனே தெரியும், முந்தினால் யாரும் கவனிப்பதில்லை. சொல்லின் கடைசியில் வரும் உகரம் இன்னொரு நுணுக்கம். பேச்சில் அதற்கு முழுக் குவிவு வேண்டாம், பாதி வாய் போதும். ‘விரும்பு’ என்று நீட்டிப் பாடும்போது மட்டும் குவியுங்கள்.

உருவங்களைப் பிரிஸ்டல் போட்டில் வெட்டுங்கள். மான் 15 சென்றிமீற்றர் உயரம் இருந்தால் ஏ3 தாளில் வரைந்த பின்னணிக்குப் பொருந்தும். சிறுமிக்கு 8, 15, 25 சென்றிமீற்றர் என்று மூன்று அளவு வேண்டும். கமராவை நெருக்கி வளர்த்துக் காட்டப் பார்த்தால் பின்னணியும் சேர்ந்து வளரும். மூட்டுகளுக்குப் பித்தளைப் பின்னைவிடத் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) நல்லது. மீன்பிடிச் சாமான் கடையில் தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஊசித்துளை வழியே கோத்து, இரு நுனியையும் ஊதுபத்தி நெருப்பில் ஒரு கணம் காட்டினால் உருகி மணிபோல் திரளும். அதுவே பூட்டு. மிக இறுக்கினால் கை முறுகும், தளர்ந்தால் தானே தொங்கும். நீர்வண்ணம் ஒரு பக்கம் மட்டும் பூசினால் போட் சுருளும். பின்பக்கத்துக்கும் பூசுங்கள். மாரி காலத்தில் வேலை முடிந்ததும் உருவங்களை இறுக்கமான பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடுவது அவசியம்.

இரண்டு அடிக்கு ஒன்றரை அடி, 5 மில்லிமீற்றர் கண்ணாடி ஒன்றை, விளிம்பு தேய்த்து வாங்கி, பின்னணிக்கு மேல் 10 சென்றிமீற்றர் உயரத்தில் நான்கு செங்கல்லில் வையுங்கள். உருவங்கள் கண்ணாடியில். போன் மேலிருந்து நேர்கீழாகப் பார்க்க வேண்டும். இரண்டு பல்புகளை இருபக்கமும் 45 பாகையில் சாய்த்தால் கண்ணாடி மினுங்காது. போன் கண்ணாடியில் தெரிந்தால் லென்சுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். படமெடுப்பவர் வெள்ளைச் சட்டை போடக்கூடாது. ஒவ்வொரு தடவை குனியும்போதும் படத்தின் வெளிச்சம் மாறும். பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு வந்தால் இதுவே முதல் தொல்லை.

ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ செயலியில் வெளிச்சம், குவியம், நிறம் மூன்றையும் பூட்டுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி பல்பு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/25இல் வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் விழாது. யன்னலை மூடித் திரை போடுங்கள். பகல் வெளிச்சம் ஒரு மேகத்துக்கே மாறும், கச்சான் வீசும் மாதங்களில் ஒரு காற்றுக்கே மானின் வால் பறக்கும். வாய்த்துண்டை ஒட்டும் புளூ டாக் பசைக்களி சூட்டில் இளகித் துண்டு வழுகும், ஆகையால் அரிசியளவு மட்டும் வையுங்கள்.

மானின் ஓட்டத்தை 8 படச் சுற்றாக அமைத்து, முதலாவதிலும் ஐந்தாவதிலும் கால் தரை தொடும்படி செய்யுங்கள். 90 அடியில் அது அடியிலும் அரையடியிலும் விழும். மத்தளச் சத்தம் கால் சத்தமாகவே கேட்கும்.

படத்தொகுப்பில் பெரிய வேலை இராது. பாட்டை 1ஆவது படத்தில் வைத்து, கொப்பியைப் பார்த்து அடுக்குவதுதான். சிங்கள வரிகளைக் கீழே போட்டால் நகரத்தில் சிங்களம் பேசுவோரை இழக்கமாட்டீர்கள். மண்டபத்தில் காட்டும்போது ஒலிபெருக்கியை வயரால் இணையுங்கள். புளூடூத் ஒலியைப் பிந்தித் தரும், படம் பிடித்ததில் வாய் பிழை என்று எல்லோரும் நினைப்பார்கள். வயர் கிடைக்காவிட்டால் ஒலிப்பாதையை இரண்டு படம் முன்னே நகர்த்திய பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதே ஒலிபெருக்கியில் முன்கூட்டியே ஓடவிட்டுப் பார்த்தால், இரண்டா மூன்றா என்பது தெரிந்துவிடும்.