150 பிஎஸ்ஐ என்ற பொறி: ஆஃப்ரோடு டயர்களுக்கு மலிவான கம்ப்ரஸர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு மணல்வெளிப் பயணம் முடிந்து எல்லோரும் டயர்களுக்குக் காற்றேற்றிக்கொண்டிருந்த வேளையில், முதன்முறையாக வந்திருந்த ஓர் இளைஞர் தம் வண்டியின் முன்சக்கரத்தருகே மண்டியிட்டு, புத்தம்புதிய கம்ப்ரஸர் ஒன்றைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நான்கு டயர்களையும் முடித்துக் குழாய்களைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். அவருக்கு முதல் டயரே இன்னும் நிறையவில்லை. கருவி வந்த அட்டைப்பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த எண்ணே அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: 150 பிஎஸ்ஐ, அதாவது கருவி எட்டக்கூடிய காற்றழுத்தத்தின் அளவு. பல ஆண்டுகளுக்கு முன் என்னை ஏமாற்றியதும் அதே எண்தான்.

கம்ப்ரஸரை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவது, வால்வு மூடியைத் தொலைப்பது போன்றவற்றைப் பற்றி எழுதிப் பயனில்லை. ஒருமுறை பட்டவர் தாமே திருந்திக்கொள்வார். பணத்தை எண்ணிக் கொடுக்கும் நேரத்திலேயே நடந்துவிடுகிற, பிறகு திருத்திக்கொள்ள முடியாத தவறுகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அழுத்த எண்ணைப் பார்த்து வாங்குவது

ஜீப் போன்ற ஆஃப்ரோடு வண்டிகளின் டயர்கள் தார்ச்சாலையில் பெரும்பாலும் 30 முதல் 40 பிஎஸ்ஐக்குள் ஓடுகின்றன. மணலில் இறங்கும்போது சக்கரம் புதையாமலிருக்க அதை 15 அல்லது 18 வரை குறைக்கிறோம்; சாலைக்குத் திரும்பும்போது பழைய அளவுக்கு ஏற்றுகிறோம். இந்த வேலையில் 150 பிஎஸ்ஐக்கு எந்த இடமும் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் நல்ல கைப்பம்பு கூட 100 பிஎஸ்ஐயைத் தாண்டும். அதற்காக யாரும் அதை வைத்துக்கொண்டு ஜீப் டயரை நிரப்ப உட்காருவதில்லை. விரல் பருமனுள்ள பிஸ்டனும் அந்த அழுத்தத்தை எட்டிவிடும்; அது தள்ளும் காற்றுதான் சொற்பமாக இருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் காற்று டயருக்குள் போகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பெட்டியின் முன்பக்கத்தில் பதில் இருப்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். 285/70 ஆர்17 அளவுள்ள டயருக்குள் ஏறத்தாழ 80 லிட்டர் இடம் இருக்கிறது. அதை 18 பிஎஸ்ஐயிலிருந்து 35க்குக் கொண்டுவர 17 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ என்பதால், வெளியிலிருந்து சுமார் 92 லிட்டர் (80 × 17 ÷ 14.7) காற்றை இழுத்து உள்ளே தள்ள வேண்டியிருக்கும். நான்கு டயர்களுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 370 லிட்டர். நிமிடத்துக்கு உண்மையிலேயே 40 லிட்டர் தள்ளும் கருவி இதைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கும். 10 லிட்டர் மட்டும் தள்ளும் கருவிக்கு 37 நிமிடம் வேண்டும், அதுவும் நடுவில் ஒருமுறைகூட நிற்காமல் ஓடினால்.

சிலர் லிட்டர் கணக்கையும் அச்சிடுகிறார்கள். அதையும் அப்படியே நம்புவதற்கில்லை; பெரும்பாலும் அது குழாயின் முனை திறந்திருக்க, எந்த எதிர்ப்பும் இல்லாத நிலையில் அளந்த எண்ணாகவே இருக்கும். டயரில் அழுத்தம் ஏற ஏற, சிலிண்டரின் உச்சியில் வெளியேறாமல் தங்கும் காற்று, பிஸ்டன் கீழிறங்கும்போது மீண்டும் விரிந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் புதிய காற்று குறைவாகவே உள்ளே வருகிறது. சுமை கூடுவதால் மோட்டாரின் வேகமும் தளர்கிறது. ஆகவே 0 பிஎஸ்ஐயில் எவ்வளவு, 30 பிஎஸ்ஐயில் எவ்வளவு என்று தனித்தனியே அட்டவணை தருகிற தயாரிப்பையே நான் முதலில் கையில் எடுக்கிறேன். கணக்கு கன அடியில் இருந்தால் 28.3ஆல் பெருக்கினால் லிட்டராகிவிடும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. "150 பிஎஸ்ஐ, லாரி டயருக்கே போதும்" என்று விற்றவர் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வாங்கினேன். முதல் பயணத்தின் முடிவில், 16 பிஎஸ்ஐயில் இருந்த நான்கு டயர்களோடு சாலையோரம் நின்றேன். முதல் டயருக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாவதை முடிக்கும் தறுவாயில் கருவி சூடேறித் தானாக நின்றது. அரை மணி நேரம் காத்திருந்து மீண்டும் இயக்கினேன். சில நிமிடங்களில் மறுபடியும் நின்றது. இருட்டிவிட்டது, உடன் வந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். பின்டயர்கள் இரண்டும் 20 பிஎஸ்ஐக்குக் கீழேயே இருந்த நிலையில், மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தார்ச்சாலையில் ஏறினேன். போகப் போக, மெதுவாகப் போக வேண்டும் என்பதும் மறந்துபோயிற்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பே சூடாக மாறி ரப்பரை உள்ளிருந்து சிதைக்கிறது. மறுநாள் டயரைக் கழற்றியபோது உள்ளே கறுப்பு ரப்பர்த்தூள் கொட்டியது. தூள் உதிர்ந்த டயரை நம்பி ஓட்டக் கூடாது என்று கழற்றியவர் சொல்லிவிட்டார். கம்ப்ரஸரில் மிச்சம் பிடித்த தொகையைவிடப் பல மடங்கு அந்த இரண்டு டயர்களுக்குப் போயிற்று.

ஓடும் நேரத்தையும் ஓயும் நேரத்தையும் கேட்காமல் விடுவது

கையேட்டில் 'டியூட்டி சைக்கிள்' என்ற பெயரில் ஒரு சதவீதம் இருக்கும். 33 சதவீதம் என்றால், பத்து நிமிடம் ஓடிய பின் இருபது நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். அந்த எண் எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மிதமான அறை வெப்பத்தில் அளந்ததை நண்பகல் மணலில் எதிர்பார்ப்பது நியாயமன்று. இந்தச் சதவீதம் எங்கும் குறிப்பிடப்படாத கருவியை, விலை எவ்வளவு குறைந்தாலும், நான் வாங்குவதில்லை. சூடானால் தானாக நிற்கும் வசதி உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது நின்றதால்தான் அது எரியாமல் பிழைத்தது; அந்த ஒரு விஷயத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்புவது

அந்தச் சாக்கெட்டுக்கு வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர் வரையிலான ஃபியூஸ்தான் இருக்கும். 12 வோல்ட்டில் அது 120 முதல் 180 வாட். பெரிய டயரை விரைவாக நிரப்பும் கம்ப்ரஸர் 30 ஆம்பியர் வரைகூட இழுக்கும். ஆகவே சாக்கெட்டில் செருகும் ஒயரோடு வருகிற கருவி, 'அதிவேகம்' என்று பெட்டியில் எதை எழுதியிருந்தாலும், அந்த 180 வாட்டுக்குள் அடங்கியதே. இந்த ஒரு பார்வையிலேயே பாதிக் கருவிகளை ஒதுக்கிவிடலாம். பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வும் க்ளிப், நடுவில் ஒரு ஃபியூஸ், சூடேறாத அளவுக்குத் தடித்த ஒயர் ஆகிய மூன்றும் உள்ளதைத் தேடுங்கள். ஒயர் மெல்லியதாக இருந்தால் மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட்டேஜை அது வழியிலேயே தின்றுவிடும்.

காற்றேற்றும்போது இன்ஜின் ஓட வேண்டும். அணைந்த வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்காது, சுமை ஏறினால் இன்னும் இறங்கும். ஓடும் வண்டியில் 14 வோல்ட் அளவில் கிடைப்பதால் மோட்டார் சுறுசுறுப்பாகச் சுழலும். புகை தேங்கும் மூடிய கொட்டகைக்குள் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

கருவியோடு வரும் கேஜை நம்புவது

காற்று பாயும்போது கேஜ் காட்டுவது குழாயில் உள்ள அழுத்தத்தை. டயருக்குள் இருப்பது அதைவிடக் குறைவு. நிறுத்திவிட்டுத்தான் படிக்க வேண்டும். முகப்பில் 150 வரை கோடு போட்ட கேஜில் நமக்கு வேண்டிய 15க்கும் 40க்கும் இடைப்பட்ட பகுதி ஒரு மூலையில் நெருக்கியடித்துக் கிடக்கும் என்பதால், 60 வரை மட்டும் காட்டும் தனிக் கேஜ் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பெரிய எண்ணின் தொல்லை இங்கேயும் தொடர்கிறது, பாருங்கள்.

சிறு தொட்டிக்கு ஆசைப்படுவது

கம்ப்ரஸரோடு இணைந்த நான்கு லிட்டர் காற்றுத் தொட்டியில் 100 பிஎஸ்ஐ ஏற்றி வைத்தாலும், 35 பிஎஸ்ஐ டயருக்கு அதிலிருந்து கிடைப்பது 18 லிட்டருக்கும் குறைவு. மேலே சொன்ன ஒரு டயரின் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

குழாய் எட்டாமை

கருவியைப் பேட்டரியருகே வைத்துக்கொண்டு பின்சக்கரத்தின் வால்வு வரை அளந்து பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் விடுவது

எண்ணெயில்லா வகைக் கம்ப்ரஸரில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

மணலில் வைத்து இயக்குவது

அது குளிர்வதும் காற்றை இழுப்பதும் அந்தப் புழுதியிலிருந்துதான். ஒரு மிதியடியையாவது விரியுங்கள்.

வீட்டில் சோதிக்காமல் எடுத்துச் செல்வது

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், வீட்டு வாசலில் நான்கு டயர்களையும் மணலுக்கு உரிய அளவுக்கு இறக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மீண்டும் ஏற்றுங்கள். ஒரு டயரை நிரப்பி, அந்த நேரத்தை நான்கால் பெருக்கிக் கணக்குப் பார்க்க வேண்டாம். முதல் டயரில் எல்லாக் கருவிகளும் நன்றாகவே ஓடும். மூன்றாவது டயருக்கு வரும்போதுதான் சிலிண்டர் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், குழாயின் பிளாஸ்டிக் இணைப்பு இளகும், மோட்டாரின் சத்தம் மாறும். அந்த இளைஞரின் கருவி அன்று மூன்றாவது டயர் வரை போகவே இல்லை. மீதியை என் குழாயிலிருந்துதான் ஏற்றி அனுப்பினோம்.