கல்லூரிப் பண்பாட்டு நாளுக்கு ஒரு தெரு நடை

பல மாநில உடைகளில் மாணவர்களை மேடையேற்றிப் படம் எடுப்பதோடு கல்லூரியின் பண்பாட்டு நாள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வடசென்னைக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அந்த நாளில் பாதியைத் தெருவில் செலவிட்டுப் பார்க்கலாம்.

பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பாரிமுனையில் 1772-இல் கட்டப்பட்ட அர்மீனியத் தேவாலயத்தில் தொடங்குங்கள். இராயபுரத்துப் பார்சி அக்னி ஆலயத்துக்குள் பார்சிகள் அல்லாதோர் செல்ல முடியாது. உள்ளே விடாத இடத்தின் முன் நிற்பதும் ஓர் அனுபவம்தான்.

மாலையில் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே உள்ள, அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைக்கு வாருங்கள். நூடுல்ஸோடு முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளிக்கரைசல் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தர, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஆவி பறக்கும். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபின் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு இது. அங்கே இந்தியர் எனப்பட்டவர்கள், இங்கே பர்மாக்காரர் ஆனார்கள்.

ஐந்து பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். கூட்டம் கண்டால் கடைக்காரர் பேசமாட்டார். முதலில் சாப்பிடுங்கள், பிறகு கேளுங்கள். “நீங்க என்ன ஆளுங்க?” என்பது நம் ஊரில் சாதி விசாரிக்கும் கேள்வி என்பதால் அதை விட்டு, “இதை வீட்டில் யாரிடம் கற்றீர்கள்?” என்று கேளுங்கள். அனுமதியின்றிக் கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள்.