கருணை பழகத் தொடங்குகிறவர்களுக்கு: யாரை முதலில் நினைப்பது, பகைவரிடம் எப்போது போவது

மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரைச் சீசன் தொடங்கிவிட்டால் இரவு முழுக்க ஒரு சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். டிசம்பர் பௌர்ணமியான போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை, சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எதிரெதிரே சொல்லிக்கொள்ளும் "கருணாவய்". சின்ன வயதில் அதை வணக்கம் மாதிரி ஒரு சொல் என்றே நினைத்திருந்தேன். கருணை என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது, நமக்கு வாய்க்கவில்லை என்றும் நினைத்திருந்தேன். இரண்டாவது எண்ணம் முழுத் தவறு. பௌத்தத்தில் கருணை பழக்கத்தால் வளர்வது. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கை மாற்றினால் பாதியில் விட்டுவிடுவோம்.

அந்த ஒழுங்கை விரிவாக எழுதிவைத்தவர் பாளி உரையாசிரியர் புத்தகோசர். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து அவர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலின் 9ஆவது அத்தியாயம் முழுவதும் இதுதான். சொற்களும் நமக்குப் புதியவை அல்ல. மைத்திரி, கருணா, முதிதை மூன்றையும் மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் வாயால் கேட்கிறோம். "நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள், இது செய்யலாமா?" என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம். சாமியை மாற்றச் சொல்லி இந்தப் பயிற்சி கேட்பதில்லை.

தொடங்குமுன் ஒரு வேறுபாடு. "நலமாக இருக்கட்டும்" என்பது மைத்திரி. "இந்தத் துன்பம் நீங்கட்டும்" என்பது கருணை. முதலில் மைத்திரி, அதன் மேல் கருணை. மண் காய்ந்து கிடக்கும்போது விதை போட்டுப் பயனில்லை.

இடமும் நேரமும்

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், தனிமை கிடைக்காது. பக்கத்துக் காம்பராவின் ரேடியோ, அடுப்புப் புகை, பிள்ளைகள். அமைதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பத்து நிமிடம் போதும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்காருங்கள். முழங்கால் மடியாவிட்டால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். விடியற்காலையில் பன்சலை (பௌத்த விகாரை) ஒலிபெருக்கியில் காப்புக்காக ஓதும் பிரித்தில் நமக்குக் கேட்கிற கரணீயமெத்த சுத்தம் என்ற மைத்திரிப் போதனை, நின்றாலும் நடந்தாலும் இருந்தாலும் படுத்தாலும் இந்த நினைவை வைத்திரு என்றுதான் சொல்கிறது. ஆகவே மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையும் நல்ல இடம்.

முதல் படி: உங்களுக்கே

"நான் பகையில்லாமல் இருப்பேனாக. மனத்துயரம் இல்லாமல் இருப்பேனாக. உடல்நோவு இல்லாமல் இருப்பேனாக. என்னை நலமாகப் பேணிக்கொள்வேனாக." இதை மெதுவாக, ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். சொல் ஓடிப்போய் அர்த்தம் பின்தங்கினால் ஒரே வரியில் நில்லுங்கள்.

நம் பெண்களுக்கு இந்தப் படிதான் மிகக் கடினம். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு வாரம் வரை அவர் வாயில் "பிள்ளைங்க நல்லா இருக்கணும்" என்பதைத் தவிர வேறு வரவில்லை. நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த கழுத்தும் அட்டை கடித்த காலும் அவர் நினைவுக்கே வரவில்லை. "நோகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு சொல்லுங்கம்மா" என்றேன். அப்போதுதான் வந்தது. தன்னை முதலில் வைக்கச் சொல்வதற்கு புத்தகோசர் தரும் காரணம் தெளிவானது: நான் சுகத்தை விரும்புகிறேன், துன்பத்துக்கு அஞ்சுகிறேன், மற்ற உயிர்களும் அப்படியே. இங்கே நீங்களே உங்களுக்குச் சாட்சி. தன் நோவைத் தெரியாதவருக்கு அடுத்தவர் நோவு எப்படித் தெரியும்?

இரண்டாம் படி: மதிப்புக்குரிய ஒருவர்

உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த ஆசிரியர், பிரசவத்தில் பக்கத்தில் நின்ற அக்கா. நினைத்தாலே நன்றி வருகிற ஒருவர். இரண்டு எச்சரிக்கை. இறந்தவரை எடுக்க வேண்டாம். ஆசை கலந்து நினைக்கக்கூடியவரையும் எடுக்க வேண்டாம். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செத்துப்போன ஆயாவைத்தான் நினைப்பார்கள். அது ஏக்கமாக மாறிக் கண்ணீரில் முடியும்.

மூன்றாம் படி: துன்பப்படுகிற ஒருவர்

கருணை தொடங்கும் இடம் இது. "உலகத்துத் துன்பமெல்லாம்" என்று நினைக்காதீர்கள். ஒரே ஒருவர், அவருடைய ஒரே ஒரு துன்பம். வாதத்தில் படுத்திருக்கும் அடுத்த லயத்துத் தாத்தா என்றால், தண்ணீர்க் குவளை எட்டாத அந்தக் கையைப் பாருங்கள். "இந்தத் துன்பத்திலிருந்து இவர் விடுபடட்டும்."

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. அதை எளிதில் அடையாளம் காணலாம். பக்கத்துப் பகை சோகம். அது கருணையின் முகத்தோடேயே வரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது நான் நாட்கணக்கில் தொலைக்காட்சி முன் அழுதுகொண்டிருந்தேன். அதைக் கருணை என்றே எண்ணினேன். என் அழுகை யாருக்கும் ஒரு போர்வையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இப்போது என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது: உட்கார்ந்து எழுந்த பிறகு ஏதாவது செய்யக் கை நீள்கிறதா, அல்லது போய்ப் படுத்துக்கொள்ளத் தோன்றுகிறதா? படுக்கத் தோன்றினால் அது சோகம். உடனே முதல் படிக்குத் திரும்புங்கள். அல்லது யாருடைய பிள்ளையாவது ஓ/எல் பரீட்சையில் பாஸான சந்தோஷத்தை நினையுங்கள். அதுதான் முதிதை.

நான்காம் படி: பழக்கமில்லாத ஒருவர்

ஹட்டன் பஸ்ஸில் டிக்கெட் தரும் கண்டக்டர், டவுனில் மாவு நிறுத்துத் தரும் சிங்களக் கடைக்காரர். விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஒரே ஆளை ஒரு வாரம் பிடித்துக்கொள்ளுங்கள். சலிப்பாக இருக்கும், விடாதீர்கள்.

ஐந்தாம் படி: பகைவர்

இதற்கு முன் நான்கு படிகளும் நிலைக்க வேண்டும். எனக்கு மாதங்கள் ஆயின. நான் எடுத்துக்கொண்டவர் ஒரு காலத்தில் எங்கள் மலையில் கொழுந்து நிறுத்தவர். ஈரக் கொழுந்து என்று சொல்லி அம்மாவின் கூடையில் நாள்தோறும் கிலோ வெட்டியவர். அவர் முகம் வந்ததும் மார்பு இறுகியது. அப்போது செய்ய வேண்டியவை பழைய நூலிலேயே இருக்கின்றன. முதலில், பின்வாங்கி மதிப்புக்குரியவரிடம் போங்கள், சூடு தணிந்ததும் திரும்பி வாருங்கள். அப்படியும் எரிந்தால், அடுத்தவன் மேல் எறிய நெருப்புத் தணலை எடுத்தவனுக்கு முதலில் வேகிறது தன் கைதான் என்பதை நினையுங்கள். அதுவும் உதவாவிட்டால் அவரைக் கூறு பிரித்துப் பாருங்கள்: நீ கோபிப்பது அவர் மயிரையா, நகத்தையா, பல்லையா? எனக்கு உதவியது இந்தக் கேள்விதான். கடைசியில், முடிந்தால் அவருக்கு ஏதாவது கொடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கருணை என்பது பொறுத்துப் போவதல்ல. நம் சனத்துக்கு "பொறுத்துப் போ" என்பதைப் பலர் பல தலைமுறைகளாகச் சொல்லிவிட்டார்கள். அவர் நலமாக இருக்கட்டும் என்று மனதார நினைத்துக்கொண்டே, "தராசு முள்ளைக் காட்டுங்க" என்று கேட்கலாம். கேட்க வேண்டும். பகை இல்லாத குரல் நடுங்காது.

ஞானபொனிக தேரரை இங்கே நினைக்கிறேன். 1901இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லரின் நாட்டை விட்டு வெளியேறி இலங்கையில் துறவியானவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஆங்கில அரசு அவரையும் பகைநாட்டு ஜெர்மானியர் என்று பிடித்து, தியத்தலாவை முகாமிலும் பிறகு இந்தியாவின் தேராதூனிலும் 1946 வரை அடைத்து வைத்தது. முகாமுக்குள்ளும் அவர் பாளி நூல்களை மொழிபெயர்த்தார். பின்னர் கண்டி உடவத்தக்கலைக் காட்டில் குடியிருந்து மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கை (சமநிலை) என்ற நான்கு குணங்களையும் பற்றி எழுதினார். இரண்டு பக்கமும் பகையைக் கண்டவர் எழுதியது என்பதால் அவர் சொல்லை நம்புகிறேன்.

ஆறாம் படி: வரம்பை எடுப்பது

புத்தகோசர் ஒரு காட்சி வைக்கிறார். நீங்கள், உங்கள் அன்பர், பழக்கமில்லாதவர், பகைவர் நால்வரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து பலிகொடுக்க ஒருவரைக் கேட்கிறார்கள். பகைவரைக் காட்டினால் பயிற்சி முடியவில்லை. "என்னைக் கொண்டுபோ" என்றாலும் முடியவில்லை! கொடுக்கக்கூடியவர் என்று நால்வரில் ஒருவரும் கண்ணில் படாதபோதுதான் வரம்பு உடைந்தது. இதைக் கேட்ட அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். "நான் என்னையத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

உட்கார முடியாத நாட்களும் வரும். புத்தர் சொன்ன ஒரு கணக்கு சங்யுத்த நிகாயம் என்ற பாளித் தொகுப்பில் இருக்கிறது: காலை, மதியம், மாலை என நூறு நூறு பானை சோறு கொடுப்பதைவிட, பசுவின் மடியில் ஒரு இழுப்பு இழுக்கும் நேரம் மைத்திரி நினைப்பது பெரிது. மாடு வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் நாளைக் காலை முதல் இழுப்பிலேயே தொடங்கலாம்.