குடத்தில் யாருடைய பெயர் இல்லை? ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஓர் உத்திரமேரூர்ப் பாடம்

"குடவோலை முறை என்றால் என்ன?" என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வரியை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சோழர் காலத்தில் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆள் எடுத்த முறை அது. "ஓலையை எடுக்க ஏன் சிறுவனை அழைத்தார்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதைவிட நடத்திக் காட்டுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டு போதும். முதல்முறை வரலாறு கற்பிக்க வந்திருக்கும் ஆசிரியரும் தயங்காமல் செய்யலாம்.

முதல் நாள் மாலையில் எடுத்து வைக்க வேண்டியவை

வாய் அகன்ற மண்பானை இரண்டு. சொம்பு வேண்டாம், குழந்தையின் கை உள்ளே சிக்கிக்கொள்ளும். ஓலைக்குப் பதிலாக விரல் அகலத்தில் வெட்டிய சார்ட் அட்டைத் துண்டுகள், கட்டுவதற்கு நூல், 11 மீட்டர் கயிறு.

இவற்றோடு 30 ஆள் அட்டைகளும் தேவை. பாடத்தின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. ஆறு கட்டுகளாக, கட்டுக்கு ஐந்து அட்டைகள் எழுதுங்கள். ஐந்தில் இரண்டு, எல்லாத் தகுதியும் உள்ளவர்கள். இரண்டு, ஏதாவது ஒரு விதியில் தவறுபவர்கள்: "வயது 34", "வீடு பிறர் மனையில் இருக்கிறது", "சென்ற ஆண்டு ஏரி வாரியத்தில் இருந்தவர்", "கணக்குக் காட்டாதவரின் மைத்துனர்". ஐந்தாவது அட்டையில் ஒரு பெண், ஒரு குயவர், ஒரு நெசவாளர், ஒரு வயல் கூலியாள் போன்றவர்களைக் கட்டுக்கு ஒருவராக எழுதுங்கள். அந்த அட்டையை ஏன் சேர்த்தீர்கள் என்று இப்போது யாரிடமும் சொல்லாதீர்கள்.

படி 1: கயிற்றை விரியுங்கள்

வராந்தாவில் கயிற்றை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் நூறு ஆண்டு. பத்து வயதுப் பிள்ளையின் மொத்த வாழ்க்கை பத்து சென்டிமீட்டர். 1947 முக்கால் மீட்டரைச் சற்றுத் தாண்டி வரும். கயிற்றின் மறுமுனைக்கு நடந்தால் 919-ஆம் ஆண்டு, முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு. "ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு" என்று வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண். நடந்து பார்த்தால்தான் தொலைவு புரியும். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

படி 2: விதிகளைப் படித்து அட்டையைச் சரிபாருங்கள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இந்த விதிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. 919-இல் ஒரு கல்வெட்டு, 921-இல் அதைத் திருத்தி இன்னொன்று. நாம் 921-ஐ எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் எளிய தமிழில் எழுதுங்கள்: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வரவே கூடாது.

வேலி என்றால் பிள்ளைகள் முள்வேலியை நினைப்பார்கள். அது நில அளவு என்று சொல்லுங்கள். தஞ்சைப் பகுதி வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர்.

உறவினர் விதியில் சற்று நின்று போங்கள். அத்தை மகன், மாமனார், மைத்துனர், மருமகன் வரை கல்வெட்டு பட்டியலிடுகிறது. பிள்ளைகளுக்கு இந்த உறவுமுறைகள் எல்லாம் வீட்டில் நாள்தோறும் காதில் விழுபவை. "மாமா தப்புச் செய்தால் நான் ஏன் நிற்கக் கூடாது?" என்று ஒரு பிள்ளையாவது சண்டைக்கு வரும். வரட்டும். பதிலை வகுப்பே சொல்லட்டும்.

அட்டைகளைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்லுங்கள். எந்த அட்டையிலும் சாதிப் பெயர் எழுதாதீர்கள். "யார் வீட்டில் நிலம் இருக்கிறது?" என்று வகுப்பில் ஒருபோதும் கேட்காதீர்கள். பிள்ளை அட்டையில் உள்ளவராக நடிக்க வேண்டும், தன் குடும்பத்தைச் சபையில் நிறுத்தக் கூடாது. இதில் மட்டும் சிறு தளர்வும் வேண்டாம்.

படி 3: குடத்தைக் குலுக்குங்கள்

ஊரில் முப்பது குடும்புகள் இருந்தன. குடும்பு என்றால் இன்றைய வார்டு போன்ற பிரிவு. நம் வகுப்பில் ஆறு. தகுதி பெற்றவர் பெயர்களை எழுதிக் குடும்புவாரியாகக் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் குடும்பின் பெயரைக் காட்டும் ஓலை ஒன்று இருக்கட்டும். அதற்கு வாயோலை என்று பெயர். எல்லாக் கட்டுகளையும் முதல் பானையில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி ஒருவர் தூக்கிக் காட்ட வேண்டும். கல்வெட்டில் இது வயதில் மூத்த நம்பியின், அதாவது கோயில் பூசகரின், வேலை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்து வாருங்கள். அது ஒரு கட்டை எடுக்கும். கட்டை அவிழ்த்து இரண்டாம் பானையில் போட்டுக் குலுக்குங்கள். மீண்டும் அதே பிள்ளை ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தரிடம் (நடுவரிடம்) கொடுக்கும். அவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் மற்றவர்களும் அதே ஓலையை வாங்கிப் படிப்பார்கள். ஆறு குடும்புக்கும் இப்படியே ஆறு பேர்.

விரலை ஏன் விரிக்க வேண்டும், ஏன் பலர் படிக்க வேண்டும், உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "கைக்குள் வேறு ஓலையை ஒளித்திருந்தால் தெரிந்துவிடுமே, டீச்சர்" என்று என் வகுப்பில் எப்போதும் பேசாத ஒரு சிறுமி சொன்னாள். அதன் பிறகு அவளுக்கு வரலாறு பிடித்துப்போனது.

உத்திரமேரூரில் இப்படி வந்த முப்பது பேரில் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவி 360 நாள். அதற்குமேல் விவரம் இந்த வயதுக்கு வேண்டாம்.

படி 4: பெயர் இல்லாதவர்களைக் கேளுங்கள்

இரண்டாம் பாடவேளையை இதற்கே ஒதுக்குங்கள். ஐந்தாவது அட்டை வைத்திருக்கும் ஆறு பேரையும் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். "உங்கள் பெயர் ஏன் குடத்தில் இல்லை?"

பல வகுப்பறைகளில் "அன்றே நம்மிடம் தேர்தல் இருந்தது" என்ற பெருமையோடு பாடம் முடிந்துவிடுகிறது. பெருமைப்பட இடம் இருக்கிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதியை நான் ஒவ்வோர் ஆண்டும் வியப்போடுதான் படிக்கிறேன். ஆனால் அங்கே யாரும் வாக்களிக்கவில்லை, சீட்டுக் குலுக்கினார்கள். உத்திரமேரூர் அந்தணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அவர்களுடைய சபைக்குத்தான் இந்த விதிகள். பெண்ணின் பெயர் ஓலையில் ஏறவில்லை. வயலில் உழைத்தவரின் பெயரும் ஏறவில்லை. வேளாண் ஊர்களில் ஊர் என்ற அவையும் வணிகர்களுக்கு நகரம் என்ற அவையும் தனியே இருந்தன என்பதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் சோழநாடு முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிக்கொள்வார்கள்.

இந்த உண்மையைத் தாங்கும் வயது பத்து வயது. மறைக்க வேண்டாம்.

படி 5: இன்றைய ஊராட்சியை அருகில் எழுதுங்கள்

கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 921. மறுபக்கம் 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த ஊராட்சிகள் பற்றிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம். வாக்களிக்க 18 வயது, உறுப்பினராக நிற்க 21. நிலமோ சொந்த வீடோ கேட்பதில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. இப்போது அந்த ஆறு பேரில் யார் யார் நிற்கலாம் என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: வகுப்புக்கு ஒரு வாரியம்

தண்ணீர்க் குடத்துக்கு ஒன்று, செடிகளுக்கு ஒன்று என இரண்டு வாரியங்கள் போதும். பதவி 30 நாள். யார் நிற்கலாம், குலுக்கலா வாக்கா, கணக்கு எப்படிக் காட்டுவது என்று பிள்ளைகளே விதி எழுதட்டும். யாருடைய பெயராவது குடத்துக்கு வெளியே நிற்கிறதா என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள். மதிப்பெண் போட வேண்டுமானால் இந்த விதித்தாளுக்குப் போடுங்கள்.

மாதம் முடிந்ததும் சில விதிகள் சரிப்படாது என்று அவர்களே சொல்வார்கள். திருத்தட்டும். பழைய தாளைக் கிழித்துவிடாமல் புதியதன் அருகிலேயே ஒட்டச் சொல்லுங்கள். 921-இல் விதியைத் திருத்தியவர்களும் 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டை அழிக்கவில்லை.