குதிர் காலி: ரிப்போர்ட் நார்மல் என்ற பிறகு நாங்கள் செய்தது

பத்தாவது முடித்த கோடையில் என் மகளுக்கு ஆரம்பித்தது. எழுந்து நின்றால் படபடப்பு, கண் இருட்டல். பதினொன்றாவதில் பிரேயரின்போது இரண்டு முறை சரிந்தாள். திருவையாறு, கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஒன்றரை வருஷம் அலைந்தோம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு டாக்டர், "படிப்புப் பயம்மா" என்று அனுப்பிவிட்டார். கயிறாவது கையில் இருந்தது.

இதே அலைச்சலில் இருப்பவர்கள் முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். நடவுக் கூலி எழுதும் நீள நோட்டையே நான் எடுத்துக்கொண்டேன். "அடிக்கடி மயக்கம்" என்று எழுதிப் பயனில்லை. எத்தனை மணிக்கு, நின்றாளா உட்கார்ந்திருந்தாளா, கடைசியாக என்ன சாப்பிட்டாள், எத்தனை நிமிஷத்தில் தெளிந்தாள், தீட்டு வந்து எத்தனாவது நாள் என்று எழுதுங்கள். ஆனால் ஓடும்போது மயங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நோட்டெல்லாம் அப்புறம்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

மாமனாரின் பிபி மெஷின் எங்களுக்குப் பெரிய உதவி. காலையில் பத்து நிமிஷம் படுக்க வைத்து பிபியையும் நாடித்துடிப்பையும் குறித்தேன். பிறகு நிற்க வைத்து 2, 5, 10 நிமிஷங்களில் குறித்தேன். பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். துடிப்பு படுத்திருக்கும்போது 72, நின்ற பத்தாவது நிமிஷம் 118. பதின்ம வயதில் பிபி விழாமல் துடிப்பு மட்டும் படுத்திருந்ததைவிட 40க்கு மேல் கூடி நின்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை எல்லோரும் அவளை ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் கைபிடித்துப் பார்த்திருந்தார்கள்.

டாக்டரிடம் கிடைப்பது ஐந்து நிமிஷம். ஆதியிலிருந்து கதை சொன்னால் பாதியில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு தாளில் மூன்றே வரி எழுதி முதலில் அதை நீட்டுங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும், லேகிய டப்பா உட்பட, மஞ்சப்பையில் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே போய்விடுங்கள். எனக்கு இது கசப்பாகத்தான் இருந்தது. நான் வராண்டாவில் நின்ற பத்து நிமிஷத்தில், மாதாமாதம் ஒன்பது நாள் தீட்டு போகிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் நோட்டில் ஆறு நாள் என்று இருந்தது. கேட்டபோது எனக்கு அப்படித்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் ஃபெரிட்டின் பரிசோதனை எழுதினார்கள்; உடம்பில் எவ்வளவு இரும்புச்சத்து சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது அது. ஹீமோகுளோபின் 12.1, அது நார்மல்தான். ஆனால் ஃபெரிட்டின் 8, ரொம்பக் குறைவு. களத்தில் நெல் காய்கிறது, குதிர் காலி என்கிற கதை. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்புச்சத்து தீர்ந்துபோயும் ஹீமோகுளோபின் சரியாக இருக்கலாமாம். பொதுவான ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் வராது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நாலு மாதமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள். பிரேயரில் நிற்கிறாள். ஆனாலும் போன ஞாயிறு நின்றபோது துடிப்பு 109. இதய டாக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை போகிறோம்; இந்த முறை நோட்டை அவளே எழுதுகிறாள்.