சக்கிமுக்கிக் கல் சீக்கிரம் உடைகிறதா? முதலில் பூட்டைப் பாருங்கள்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் கழிந்ததும் குளிர்கால மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அந்தப் பருவத்தில் துப்பாக்கி என்றால் ஃபிளின்ட்லாக் மட்டும்தான், அதாவது சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதும் பொறியால் வெடிக்கும் பழைய வகை. 1974 முதல் இருந்துவரும் ஏற்பாடு இது. அதற்காகவே நீளக்குழல் ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். குறிபார்க்கும் திடலுக்குப் போன முதல் நாளிலேயே ஐந்து கற்கள் உடைந்தன. மட்டமான கல்லை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர் கல்லைப் பார்க்கவே இல்லை. கல் மோதும் எஃகுத் தகட்டைத் திருப்பி, அதன் முகத்தில் விரலை ஓட்டினார். கீறல்கள் எல்லாம் ஒரே ஓரத்தில் இருந்தன. கல் கோணலாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான் கோளாறு.

ஒரு கல் எத்தனை வெடிக்குத் தாங்கும் என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் படையில் 20 தோட்டாவுக்கு ஒரு கல் என்ற கணக்கில் வழங்கினார்கள். நல்ல கல் 50 வெடியையும் தாண்டும் என்பதும் அதே படையின் கணக்குதான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உங்கள் கல் எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் பூட்டுதான் முடிவு செய்கிறது.

பெயர்களை முதலில் தெரிந்துகொள்வோம். துப்பாக்கியின் பக்கவாட்டில் இருந்து பொறி எழுப்பும் பொறியமைப்பு முழுவதும்தான் பூட்டு. கல்லைக் கவ்வியிருப்பது குதிரை. அது மோதும் எஃகுத் தகடு ஃபிரிஸன். ஃபிரிஸனுக்குக் கீழே வெடிமருந்து வைக்கும் சிறு குழி கிண்ணி. கிண்ணியிலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் துளை பற்றுவாய். பொறி கல்லிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பொறியாக எரிவது எஃகு. கல்லின் கூர் எஃகிலிருந்து மெல்லிய சீவல்களைச் சுரண்டி எடுக்கிறது. அவை சூடேறிக் காற்றில் பற்றிக்கொள்கின்றன. கூர் மழுங்கினால் சீவுவது நின்று வெறும் உரசல்தான் மிஞ்சும். (சக்கிமுக்கி என்ற சொல்லின் வேர் துருக்கியத் தீத்தட்டிக் கல்லான 'சக்மக்'. உருது வழியாகத் தமிழுக்கு வந்தது.)

முதல் படி: குழல் காலியா என்று பாருங்கள்

யார் கையிலிருந்து வாங்கினாலும் சரி, கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் அடிவரை விடுங்கள். வாயருகே விரலால் அளவு பிடித்துக்கொண்டு வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி பற்றுவாயை எட்டினால் குழல் காலி. எட்டாவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறது, பூட்டைத் தொடாதீர்கள். கீழே சொல்லும் சரிபார்ப்பு முழுவதும் காலித் துப்பாக்கியில், கண்ணாடி அணிந்து செய்ய வேண்டியவை.

இரண்டாம் படி: கல்லைத் தேர்ந்தெடுங்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிராண்டன் ஊரின் கருநிறக் கல்லும், பிரான்சின் ஷேர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தேன்நிறக் கல்லும் பெயர் பெற்றவை. இரண்டும் கையால் தட்டிச் செதுக்கப்பட்டவை. இயந்திரத்தில் அறுத்த அகேட் கல் ஒரே அளவில் கிடைக்கும். ஆனால் எஃகை அதிகம் தின்னும், மறுபடி கூராக்குவதும் கடினம். தொடங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்லின் அகலம் ஃபிரிஸன் அளவு அல்லது ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும். சைலர் என்ற பூட்டு வகையில் பெரியதற்கு முக்கால் அங்குலம், சிறியதற்கு 5/8 அங்குலம். குதிரை இறங்கும்போது கல் குழலின் பக்கத்தை உரசக் கூடாது.

மூன்றாம் படி: தோல்

குதிரையின் தாடைக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய தோலை மடித்து வைப்போம். மடிப்பின் நடுவில் ஒரு வெட்டு கொடுங்கள். அப்போதுதான் கல்லின் பின்பக்கம் தாடையை இறுக்கும் திருகாணியில் நேராக முட்டி நிற்கும். வெட்டு இல்லாவிட்டால் கல் தோல் மெத்தையில் சாய்ந்து, ஒவ்வோர் அடிக்கும் பின்னால் நகரும். கல் குட்டையாக இருந்தால் பின்னால் பல்குச்சித் துண்டு ஒன்றை வைத்து முட்டுக் கொடுக்கலாம். திருகிய பிறகு இரண்டு மூன்று அடிகளில் தோல் அமுங்கும், மறுபடி முறுக்குங்கள். ஈயத் தகடு மஸ்கட் எனப்படும் கனமான பழைய படைத் துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். ரைஃபிளுக்குத் தோலே போதும்.

நான்காம் படி: நேராக்குங்கள்

என் ஐந்து கற்களையும் தின்ற இடம் இதுதான். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, ஃபிரிஸனை மூடுங்கள். கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பிறகு குதிரையை முழுவதும் இழுத்து, கட்டைவிரலால் இறுகப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி, கல் தகட்டைத் தொடும் வரை மெல்ல இறக்குங்கள். பின்னால் விளக்கு வைத்து மேலிருந்து பாருங்கள். கல்லின் கூருக்கும் எஃகுக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கசிந்தால் அந்தப் பக்கம் தொடவில்லை. மறுபக்க மூலையே முழு அடியையும் வாங்குகிறது, அது உடையாமல் என்ன செய்யும்? திருகை லேசாகத் தளர்த்தி, கல்லைத் திருப்பி, வெளிச்சம் மறையும் வரை சரிசெய்யுங்கள்.

ஐந்தாம் படி: கீறலைப் படியுங்கள்

ஃபிரிஸன் முகத்தில் கருப்பு மை பூசிக் காயவிடுங்கள். ஒரே ஒரு முறை தட்டுங்கள். மை போன கோடுகள் உங்கள் பூட்டின் கதையைச் சொல்லும்.

மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் தொடங்கி, முழு அகலத்தில், அடிவரை சீராக ஓடினால் நல்லது. மேலே மட்டும் சிறு கோடு தெரிந்தால் கல் உயரமாக அடிக்கிறது, அல்லது தகடு சீக்கிரம் திறந்துகொள்கிறது. படிக்கட்டுபோல் குறுக்கே பள்ளங்கள் விழுந்தால் கல் சீவாமல் குத்துகிறது. கல்லின் சரிவு முகம் மேலே இருந்தால் கீழாக, கீழே இருந்தால் மேலாகத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். எது சரி என்று பொது விதி கிடையாது. என் பூட்டுக்குச் சரிவு கீழே இருக்க வேண்டும், நண்பர் ஒருவருடைய பூட்டுக்கு மேலே.

அடுத்து விளக்கை அணைத்து, வெறும் கிண்ணியின் மேல் தட்டிப் பாருங்கள். வெண்மஞ்சள் பொறிகள் கிண்ணிக்குள் விழுந்து, துள்ளி, அங்கேயே எரிந்தால் பூட்டு உயிரோடு இருக்கிறது. ஒன்றிரண்டு சிவப்புப் பொறிகள் பறந்து அணைந்தால் கூர் போய்விட்டது, அல்லது தகட்டில் கோளாறு.

ஆறாம் படி: தகடும் வில்லும்

கல் புதிது, நேராகவும் இருக்கிறது, ஆனாலும் பொறி இல்லையா? தகட்டின் ஓரத்தில் அரத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அரம் எளிதாகக் கடித்தால் எஃகு மென்மையாக இருக்கிறது, மறுபடி கெட்டிப்படுத்த வேண்டும். கண்ணாடிபோல் வழுக்கியும் பொறி இல்லை என்றால் தேவைக்கு மேல் கெட்டி. இரண்டையும் நெருப்பில் சரிசெய்வது துப்பாக்கிக் கொல்லரின் வேலை, வீட்டு அடுப்பில் முயலாதீர்கள்.

ஃபிரிஸனை அழுத்திப் பிடிக்கும் வில் (ஸ்பிரிங்) இறுக்கமாக இருந்தால் கல் பட்டும் தகடு திறக்க மறுக்கும், கூர் நொறுங்கும். வில் தளர்ந்திருந்தால் திறந்த தகடு திரும்பி வந்து கல்லை அடிக்கும். அடித்த பிறகு தகடு பின்னால் போய் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: திடலில்

பக்கத்தில் நிற்பவரைப் பற்றுவாய் இருக்கும் பக்கத்திலிருந்து விலகச் சொல்லுங்கள், நெருப்பு அந்தப் பக்கம்தான் சீறும். கிண்ணியில் நுண்மருந்து பாதிக்கு மேல் வேண்டாம். சில வெடிகளுக்கு ஒரு முறை கல்லின் அடியையும் தகட்டின் முகத்தையும் துணியால் துடையுங்கள். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், அதன் மேல் கல் வழுக்கும்.

எட்டாம் படி: கூராக்குதல்

பொறி குறைந்ததும் கல்லைக் கழற்றாமலே கூராக்கலாம். மறுபடி குழல் காலியா என்று பார்த்து, கிண்ணியைத் துடைத்து, ஃபிரிஸனைத் திறந்துவிடுங்கள். செம்பு அல்லது பித்தளைக் கம்பியின் முனையைக் கூரின் விளிம்பில் வைத்து, கீழ்நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே ஓரம் முழுக்கப் போங்கள். நகத்துணுக்குபோல் சில்லுகள் உதிரும். பெரிய துண்டு விழுந்தால் அடி பலம், குறையுங்கள்.

இதைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், நிறையச் செய்வதாக இருந்தால் முகமூடி அணியுங்கள். பிராண்டனில் கல் செதுக்கியவர்கள் அந்தத் தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறந்திருக்கிறார்கள்.

கூராக்கிக் கூராக்கிக் கல் குறுகி, தாடை அதைக் கவ்வ முடியாத நிலை வரும். அப்போது கழற்றிவிடுங்கள், எறிய வேண்டாம். கையடக்க எஃகு வளையம் ஒன்றும் கருகிய பருத்தித் துணியும் இருந்தால், முகாமில் அடுப்பு மூட்ட அந்தக் குட்டைக் கல் இன்னும் பல மாதம் உதவும்.